மன்றோ எப்போது படையை விட்டார்? தருமபுரி வாசகருக்குப் பதில்

கேள்வி: தருமபுரி மாவட்டத்தில் மேல்நிலைப் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். பள்ளி ஆண்டு மலருக்காக சர் தாமஸ் மன்றோவைப் பற்றி எட்டுப் பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். 'சிப்பாயாக வந்து கவர்னராக உயர்ந்தவர்' என்று தொடங்கினேன், பாதியில் நின்றுவிட்டது. ஒரு நூலில் 1801இல் மேஜர், இன்னொன்றில் 1805இல் கர்னல், வேறொன்றில் அதே வருடத்தில் கலெக்டர், 1817இல் திடீரென்று பிரிகேடியர் ஜெனரல். இவர் எந்த வருடம் ராணுவத்தை விட்டு சிவில் வேலைக்கு வந்தார்? விவசாயியிடமே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறையை இவர்தான் தருமபுரியில் தொடங்கினார் என்று எழுதலாமா? வரித்தொகைகளைப் பகோடா என்ற பழைய நாணயத்தில் தருகிறார்கள், எப்படி மாற்றுவது? மந்திராலயம், குதிரைச் சிலை பற்றிய கதைகளைச் சேர்க்கலாமா? சென்னை ஆவணக் காப்பகத்தில் எதைக் கேட்க வேண்டும்?

பதில்: உங்கள் கட்டுரை நின்றுபோனதற்குக் காரணம் முதல் வரியே. மன்றோ ராணுவத்தை விடவே இல்லை. 1827இல் இறக்கும்போதும் அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் மேஜர் ஜெனரல். 'முதலில் போர்வீரர், பிறகு நிர்வாகி, கடைசியில் மதராஸ் கவர்னர்' என்று படிப்படியாக எழுதினால் எந்த வருடமும் பொருந்தாது. படைப்பதவி ஒரு தடம், செய்த வேலை இன்னொரு தடம். 1792க்குப் பிறகு இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. 'சிப்பாய்' என்ற சொல்லையும் எடுத்துவிடுங்கள். கம்பெனிப் படையில் அது இந்தியப் படைவீரரைக் குறிக்கும். 1780 ஜனவரியில் மதராஸில் வந்து இறங்கிய மன்றோ கேடட், அதாவது அதிகாரியாவதற்கான பயிற்சி நிலை.

படைப்பதவியை முதலில் முடித்துவிடுவோம். கம்பெனிப் படையில் பதவி உயர்வு பணிமூப்பின்படி வரும். மேலே இருப்பவர் இறந்தால், ஓய்வு பெற்றால், புதிய படைப்பிரிவு எழுப்பப்பட்டால் கீழே இருப்பவர் நகர்வார். அந்த நேரத்தில் அவர் வரி வசூலித்துக்கொண்டிருந்தாரா, லண்டனில் இருந்தாரா என்பது கணக்கில் வராது. அப்படித்தான் மன்றோ 1796இல் கேப்டன், 1800இல் மேஜர், 1804இல் லெப்டினன்ட் கர்னல் ஆனார். இவை மூன்றும் வரி நிர்வாகத்தில் இருந்தபோது வந்தவை. 1813இல் கர்னல் ஆனபோது பிரிட்டனில் இருந்தார். 1819இல் மேஜர் ஜெனரல். நீங்கள் பார்த்த 1805 'கர்னல்' உண்மையில் லெப்டினன்ட் கர்னல்தான். கடிதங்களிலும் பேச்சிலும் முன்னொட்டை விட்டுவிட்டுக் கர்னல் என்றே அழைப்பது அன்றைய மரியாதை, இன்றும் படையில் அப்படித்தான். 1817இன் பிரிகேடியர் ஜெனரல் என்பது ஒரு குறிப்பிட்ட போருக்காகத் தரப்பட்ட தற்காலிகப் பதவி. அதை ஏறுவரிசையில் ஒரு படியாக வைத்தால் அடுத்த படி குழம்பும்.

ஆகவே எழுதுவதற்கு முன் ஒரு தாளில் நான்கு பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: வருடம், படைப்பதவி, செய்த வேலை, இருந்த இடம். ஒவ்வொரு செய்தியையும் அதில் இறக்கிய பிறகு எழுதினால் பாதிக் குழப்பம் தீரும். கட்டுரையின் திருப்புமுனையை, அவர் கவர்னரான 1820இல் வைக்காதீர்கள். அது 1792இல் இருக்கிறது, அதுவும் உங்கள் ஊரில்.

1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தப்படி திப்பு சுல்தான் பாராமகாலையும் (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி) சேலத்தையும் விட்டுக்கொடுத்தார். மதராஸ் சிவில் ஊழியர்களுக்கு நாட்டு மொழிகள் தெரியவில்லை, அவர்கள் துபாஷிகள் எனப்பட்ட மொழிபெயர்ப்பாளர்களை நம்பியே இருக்கிறார்கள் என்பது கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸின் மனக்குறை. அதனால் வழக்கத்தை மீறி இப்பகுதியை அலெக்சாண்டர் ரீட் என்ற படை அதிகாரியிடம் ஒப்படைத்தார். ரீடுக்கு உதவியாளர்களாக மூன்று படை அதிகாரிகள்: மக்லியோட், கிரஹாம், மன்றோ. ரீடும் மன்றோவும் புதிதாகச் சேர்ந்தவர்கள் அல்ல. 1788இலேயே ரீடின் கீழ் உளவுத் துறையில் மன்றோ இருந்தார். அடுத்த ஏழு ஆண்டு தருமபுரியைச் சுற்றித்தான் அவர் வரி நிர்வாகம் கற்றார். 1799இல் நான்காம் மைசூர்ப் போருக்கு ரீடின் படையோடு கிளம்பும்வரை இங்கேதான்.

ரயத்துவாரி பற்றிய கேள்விக்கு இங்கேயே பதில் இருக்கிறது. இடையில் ஜமீன்தார் இல்லாமல் விவசாயியிடம் நேரடியாக வரி தீர்மானிக்கும் முறையைப் பாராமகாலில் உருவாக்கியவர் ரீட். 1796 டிசம்பரில் அவர் வெளியிட்ட அறிவிப்பு, விவசாயி வருடாவருடம் தன் நிலத்தை வைத்துக்கொள்ளவும் விடவும் வழி செய்தது. மன்றோ அதை இங்கே கற்று, பிற இடங்களில் பெரிதாகச் செய்து, கடைசியில் மாகாணம் முழுவதற்கும் கொள்கையாக்கினார். 'ரீட் தொடங்கினார், மன்றோ நிலைநாட்டினார்' என்று எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது.

இன்னொன்றையும் உங்கள் மாணவர்கள் அறிய வேண்டும். இவர்கள் போன பிறகு தருமபுரியில் அந்த முறை அப்படியே தொடரவில்லை. 1802இல் மதராஸ் அரசு நிரந்தர வரித்திட்டத்தைச் சட்டமாக்கியது. சேலம், பாராமகால் நிலங்கள் மிட்டாக்களாக, அதாவது சிறு ஜமீன்களாகப் பிரித்து ஏலம் விடப்பட்டன. வரி கட்ட முடியாமல் பல மிட்டாதாரர்கள் நொடித்துப்போனார்கள், அவர்களுடைய மிட்டாக்கள் அரசுக்கே திரும்பின. '1792 முதல் இன்றுவரை ரயத்துவாரி' என்று ஒரே கோடு போடுவது உங்கள் மாவட்டத்தைப் பொறுத்தவரை தவறு.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் மைசூரின் எதிர்காலத்தைத் தீர்மானித்த ஆணையத்துக்கு மன்றோவும் ஜான் மால்கமும் செயலாளர்கள். பிறகு ஓராண்டுக்கும் சற்று மேல் இன்றைய கர்நாடகக் கடற்கரைப் பகுதியான கனரா. அதை இரண்டு வரியில் கடந்துவிடுங்கள். நிற்க வேண்டிய இடம் அடுத்தது.

1800 அக்டோபர் 12 ஒப்பந்தத்தில் ஹைதராபாத் நிஜாம், துணைப்படைச் செலவுக்கு ஈடாக பெல்லாரி, கடப்பை உள்ளிட்ட பகுதிகளைக் கம்பெனிக்குக் கொடுத்தார். ஆந்திரத்தில் இன்று ராயலசீமை எனப்படும் பகுதியின் பெரும்பங்கும் கர்நாடகத்தின் பெல்லாரியும் இதில் அடங்கும். மன்றோ 1807 வரை இங்கே தலைமைக் கலெக்டர். ஆயுதப் படை வைத்திருந்த பாளையக்காரர்கள் ஏறத்தாழ 80 பேர் இருந்தனர். மன்றோ அவர்களை ஒடுக்கிய விதம் கடுமையானது என்று கம்பெனியின் லண்டன் இயக்குநர்களே கண்டித்தார்கள். 'விவசாயிகளின் நண்பர்' என்று மட்டும் எழுதும் கட்டுரைகள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன. நீங்கள் தாண்ட வேண்டாம்.

நில அளவையை மாணவர்களுக்கு விளக்கினால் சுவையாக இருக்கும். 33 அடிச் சங்கிலி. ஒரு சங்கிலி நீளம், ஒரு சங்கிலி அகலம் என்றால் 1,089 சதுர அடி, அது ஒரு குண்டா. 40 குண்டா ஓர் ஏக்கர், 43,560 சதுர அடி. கர்நாடகத்திலும் தெலங்கானாவிலும் இன்றும் குண்டா கணக்கு வழக்கத்தில் இருக்கிறது. அளந்த பிறகு தரம் பிரித்து வரி குறிப்பார்கள். அங்கேதான் சிக்கல். தீர்வை மொத்த விளைச்சலில் ஏறத்தாழ 45 சதவீதம் ஆனது. அந்தச் சுமையில் நிலத்துக்கு விலையே இருக்காது, விற்கவும் வாங்கவும் ஆள் வரமாட்டார்கள் என்று மன்றோவே கண்டார். 1807 ஆகஸ்டில் அவர் பரிந்துரைத்தது: எல்லா நிலத்துக்கும் 25 சதவீதக் குறைப்பு, கிணற்றிலிருந்து இறைத்துப் பாய்ச்சும் நிலத்துக்குக் கூடுதலாக 8 சதவீதம். 45இல் கால்பங்கு கழித்தால் சுமார் 34, அதாவது விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு. அதுதான் அவர் குறி.

அரசு ஏற்கவில்லை. மன்றோ கப்பலேறியதும் மூன்றாண்டு கிராமக் குத்தகை வந்தது, பின்பு பத்தாண்டுக் குத்தகை. குத்தகைதாரர்கள் நொடித்தார்கள், நிலம் தரிசானது. 1807இன் குறைப்பு நடைமுறைக்கு வந்தது அவரே கவர்னரான பிறகுதான். 'மன்றோ வரியைக் குறைத்தார்' என்ற வாக்கியத்துக்கு வருடம் போடாமல் எழுதாதீர்கள். கலெக்டராக இருந்தபோது வசூலை ஏற்றினார், சுமார் 10 லட்சம் ஸ்டார் பகோடாவிலிருந்து 15 லட்சத்துக்கு. குறைத்தது கவர்னராக.

பகோடா மாற்றுவதற்கு: ஒரு ஸ்டார் பகோடா 42 பணம், ஒரு பணம் 80 காசு, ஆக 3,360 காசு. ரூபாயில் மூன்றரை. கம்பெனி லண்டன் கணக்கில் 8 ஷில்லிங். 15 லட்சம் பகோடா என்றால் 52 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய், அல்லது 6 லட்சம் பவுன். இன்றைய ரூபாய்க்கு மாற்றிச் சொல்லும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள், எந்த மாற்றும் நம்பத்தக்கதாக இருக்காது. பாராமகால் கணக்குகளில் சில இடங்களில் மைசூர் வழக்கமான கண்டிராய பகோடா இருக்கும். அது ஸ்டார் பகோடாவைவிட மதிப்புக் குறைந்தது. தலைப்பில் எந்தப் பகோடா என்று பார்க்காமல் இரண்டையும் கூட்டுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. வருடம் பசலியில் (வருவாய்க் கணக்கு ஆண்டு) இருந்தால் 590 கூட்டுங்கள். பசலி 1202 என்றால் 1792இன் நடுவில் தொடங்கி 1793இன் நடுவில் முடிவது. உங்கள் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் இன்றும் அதே பசலிதான்.

1807 முதல் 1814 வரை பிரிட்டன். இந்த ஏழாண்டைப் பலர் 'விடுமுறை' என்று தள்ளிவிடுகிறார்கள். ஆனால் அவரைக் கவர்னராக்கியது இந்த இடைவெளிதான். கம்பெனியின் சாசனம் 1813இல் புதுப்பிக்கப்பட இருந்தது. நாடாளுமன்றக் குழு முன் மன்றோ சாட்சியம் அளித்தார், அவருடைய ரயத்துவாரி வாதம் லண்டனில் வேரூன்றியது. 1814இல் ஜேன் கேம்ப்பெல்லை மணந்து, நீதித்துறைச் சீர்திருத்த ஆணையராக மதராஸ் திரும்பினார். மேலே லண்டன் ஆதரவு, இங்கே மதராஸ் கவுன்சிலின் முட்டுக்கட்டை. அதைத் தாண்டி 1816இல் வந்த சட்டங்கள் கிராம முன்சீப், மாவட்ட முன்சீப், பஞ்சாயத்து விசாரணை ஆகியவற்றை உருவாக்கின. மாஜிஸ்திரேட் அதிகாரமும் போலீசும் கலெக்டர் கைக்கு வந்தன. கலெக்டர் என்ற ஒரே ஆளிடம் இத்தனையும் குவிந்த கதை தமிழ்நாட்டில் இங்கேதான் கெட்டிப்படுகிறது.

அதே ஆண்டு கோயம்புத்தூரில் இந்த முறையின் ஓட்டையும் வெளிவந்தது. கலெக்டர் காரோவின் கீழ் கஜானா பொறுப்பில் இருந்த காசி செட்டியின் மோசடியை மன்றோவும் ஜான் சல்லிவனும் விசாரித்தார்கள். பின்னாளில் ஊட்டியை உருவாக்கிய அதே சல்லிவன். விவசாயிக்கும் அரசுக்கும் இடையில் யாரும் இல்லை என்பது காகிதத்தில்தான். நடுவில் தாசில்தார், சிரஸ்தார், கணக்குப்பிள்ளை எல்லாரும் இருந்தார்கள். வருடாவருடம் தள்ளுபடி தீர்மானிக்கும் முறை அவர்கள் கையில் ஒரு சந்தையாகவே ஆனது. 1855இல் மதராஸ் சித்திரவதை ஆணையம் வரிவசூலில் நடந்த கொடுமைகளைப் பதிவு செய்தது. இந்த இரண்டு செய்தியும் இல்லாமல் ரயத்துவாரியைப் புகழ்வது அரைகுறை.

1817, 18இல் மராத்தியப் போர். தென் மராத்தியப் பகுதியில் அவரிடம் முறையான படை மிகக் குறைவு. உள்ளூர்ச் சேவகர்களைத் திரட்டிக்கொண்டே மாவட்டங்களைப் பிடித்தார். பாதாமி, பெல்காம், சோலாப்பூர் விழுந்தன. கலெக்டராகக் கற்றதை, எந்த ஊரில் யாருக்குச் செல்வாக்கு, யாருக்குச் சம்பளம் பாக்கி என்பதை, போரில் பயன்படுத்தினார் என்பது என் கணிப்பு. உங்கள் நான்கு பத்தி அட்டவணையில் இரண்டு தடமும் ஒன்றாகச் சேரும் இடம் இதுதான்.

1819இல் மதராஸ் கவர்னர் என்று அறிவிக்கப்பட்டார், 1820 ஜூன் 10இல் பொறுப்பேற்றார். அந்தப் பதவிக்குப் பெரும்பாலும் பிரிட்டிஷ் அரசியல் செல்வாக்குள்ளவர்களே வருவார்கள். அவருக்கு முன்பிருந்த ஹியூ எலியட் தூதராக இருந்தவர். இங்கேயே கேடட்டாகத் தொடங்கியவர் கவர்னராவது அரிது. அக்காலத்தில், கம்பெனியை மேற்பார்த்த பிரிட்டிஷ் அரசின் கட்டுப்பாட்டு வாரியத் தலைவர் கேனிங் அனுபவசாலிகளை விரும்பியதும், பம்பாய்க்கு எல்பின்ஸ்டன் 1819இல் கவர்னரானதும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியவை. முதல் பர்மியப் போரில் மதராஸிலிருந்து படையும் பொருளும் அனுப்பியதற்காக 1825இல் பேரனட் என்ற பரம்பரைப் பட்டம். அதுவும் ராணுவத் தடத்தில் வந்த பரிசு.

பள்ளி மலர் என்பதால் ஒரு புள்ளிவிவரத்தைச் சேருங்கள். 1822 ஜூனில் மன்றோ கலெக்டர்களிடம் பள்ளிக் கணக்குக் கேட்டார். 1826 மார்ச்சில் தொகுத்து எழுதிய குறிப்பில்: 1,28,50,941 மக்கள், 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். 67 பேரில் ஒருவர் என்று அவர் எழுதினார் (கணக்குப் போட்டால் 68 வரும்). பெண்கள் பெரும்பாலும் பள்ளிக்கு வராததால், பள்ளி வயது ஆண் பிள்ளைகளில் நான்கில் ஒருவர் படித்தார், வீட்டில் படித்தவர்களைச் சேர்த்தால் மூன்றில் ஒருவருக்கு நெருங்கும் என்பது அவர் மதிப்பீடு. இணையத்தில் சுற்றும் பதிவுகள் ஏதோ ஓர் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு 'எல்லாரும் படித்தார்கள்' என்றோ 'யாருமே படிக்கவில்லை' என்றோ சொல்கின்றன. இரண்டும் தவறு. அவர் திட்டமிட்டது கலெக்டர் மாவட்டத்துக்கு இரண்டாக 40 பள்ளி, ஆசிரியருக்கு மாதம் 15 ரூபாய். தாசில் அளவில் 300 பள்ளி, மாதம் 9 ரூபாய். பள்ளி நூல் சங்கத்துக்கு மாதம் 700. கூட்டிப் பாருங்கள், ஆண்டுக்குச் சரியாக 48,000 ரூபாய். மன்றோ இறந்த பிறகு திட்டம் சோர்ந்துபோனது.

பெயர்க் குழப்பம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கட்டாயம் வரும். 1764இல் பக்சாரில் வென்றவர், 1780இல் பொள்ளிலூரில் பெய்லியின் படைக்கு உதவி சேர்க்காமல் பீரங்கிகளைக் காஞ்சிபுரம் குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கியவர் ஹெக்டர் மன்றோ. அதே படையில் அந்த ஆண்டு இளைஞர் தாமஸ் மன்றோவும் இருந்ததால் இருவரையும் ஒருவராக்கிவிடுகிறார்கள். திருவிதாங்கூரில் கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடென்ட், கொல்லம் அருகே மன்றோ துருத்துக்குப் பெயர் தந்தவர் ஜான் மன்றோ. மூன்று பேர், மூன்று வாழ்க்கை.

குதிரைச் சிலையில் சேணமும் அங்கவடியும் இல்லாதது சிற்பியின் மறதி, அதனால் தற்கொலை என்ற கதையைச் சேர்க்காதீர்கள். சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரி. லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் அவர் செய்த நான்காம் ஜார்ஜ் சிலையிலும் சேணமில்லை, அங்கவடியுமில்லை, வெலிங்டன் சிலையிலும் அப்படியே. பழைய ரோமானியச் சிலைகளின் பாணி அது. மதராஸில் 1839இல் சிலை நிறுவப்பட்ட பின்னும் அவர் வேலை செய்துகொண்டிருந்தார், 1841இல் இயல்பாக இறந்தார்.

மந்திராலயம் வேறு வகை. இனாமாக (வரியின்றி) விடப்பட்ட மட நிலத்தை விசாரிக்க வந்த மன்றோவுக்கு ராகவேந்திரர் பிருந்தாவனத்திலிருந்து காட்சி தந்து பேசினார் என்பது பக்தர்கள் போற்றும் மரபு. மன்றோ அந்தப் பகுதிக்குத் தலைமைக் கலெக்டர் என்பது வரலாறு, காட்சி என்பது நம்பிக்கை. 'என்று மரபு கூறுகிறது' என்ற சொற்களோடு ஒரு பத்தி தரலாம், ஆதாரம்போல எழுத வேண்டாம். அப்பகுதியில் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பெயர் வைத்ததையும் சேர்த்தால் அந்தக் கதை எந்த மண்ணில் முளைத்தது என்பது விளங்கும்.

இனி ஆவணக் காப்பகம். எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போகுமுன் நடைமுறையைத் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். தலைமையாசிரியரின் பரிந்துரைக் கடிதம், அடையாளச் சான்று, பென்சில் எடுத்துச் செல்லுங்கள். கையெழுத்துப் படிகளில் நேராக இறங்க வேண்டாம். முதலில் மதராஸ் அரசு அச்சிட்ட 'பாராமகால் ரெக்கார்ட்ஸ்' தொகுதிகளைக் கேளுங்கள். நிர்வாகம், மக்கள், விளைபொருள் என்று பொருள்வாரியாகப் பிரித்திருப்பதால் ஒரே நாளில் உங்கள் ஊர்ச் செய்தி கிடைத்துவிடும். பிறகு சேலம் மாவட்டப் பதிவுகள், அதன்பின் வருவாய் வாரிய நடவடிக்கைகள். படைப்பதவி உயர்வுகள் வருவாய்ப் பதிவில் இருக்காது, அவற்றுக்கு ராணுவத் துறைப் பதிவு. ஊர்ப்பெயர்கள் தாரம்பூரி, கிஸ்ட்னகெரி, டிரிபட்டூர் என்பதுபோல எழுத்துக்கூட்டப்பட்டிருக்கும், அட்டவணையில் எல்லா வடிவத்தையும் தேடுங்கள். கடிதத்துக்கு இரண்டு தேதி உண்டு. தருமபுரியில் எழுதிய நாள் ஒன்று, மதராஸில் வாரியம் அதை எடுத்துப் பதிந்த நாள் இன்னொன்று, இடையில் வாரக்கணக்கில் வித்தியாசம் வரலாம். ஒரே கடிதத்துக்கு இரண்டு நூல்கள் இரண்டு தேதி தருவது பெரும்பாலும் இதனால்தான். எதைப் போடுகிறீர்கள் என்று குறித்துவிடுங்கள். அவருடைய தனிக் கடிதங்களும் தாள்களும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் எஃப் 151 என்ற எண்ணில் இருக்கின்றன. எட்டுப் பக்கக் கட்டுரைக்கு அதுவரை போகத் தேவையில்லை.

பக்கம் பிரிப்பதில் என் யோசனை: தருமபுரி ஏழாண்டுக்கு மூன்று பக்கம், நிஜாம் கொடுத்த மாவட்டங்களுக்கு இரண்டு, கவர்னர் காலத்துக்கு இரண்டு, மீதி எல்லாவற்றுக்கும் ஒன்று. மறைவை எழுதும்போது 1827 ஜூலை 6, இன்றைய கர்னூல் மாவட்டத்துப் பத்திக்கொண்டா, காலரா என்று எழுதுங்கள். ஓய்வு பெற்று ஊர் திரும்புமுன் விடைபெறச் சென்ற சுற்றுப்பயணம் அது. முதலில் ஆந்திரத்தின் குத்தி (Gooty) என்ற ஊரில் அடக்கம், 1831இல் எச்சங்கள் சென்னைக் கோட்டை செயின்ட் மேரி தேவாலயத்துக்கு மாற்றப்பட்டன. சில நூல்கள் இரண்டில் ஒன்றை மட்டும் சொல்லும், நீங்கள் இரண்டையும் எழுதுங்கள்.